காந்திக்கு மைக் கட்டியவர்: குறைந்த வாட்டில் கூட்டத்தை எட்டிய நானிக் மோத்வானே

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இன்று ஒரு பொதுக்கூட்டம் என்றால் ஆயிரக்கணக்கான வாட் சவுண்ட் சிஸ்டம் லாரியில் வந்து இறங்கும். ஆனால் 1921-லும் 1927-லும் காந்தி கடலூருக்கு வந்தபோது, ஊர்க்கூட்டங்களில் மைக் என்பதே அபூர்வம். பேசுபவரின் தொண்டைதான் ஆம்ப்ளிஃபயர். காந்திக்கோ மெல்லிய குரல். முன்வரிசையைத் தாண்டினால் பார்க்கத்தான் முடியும், கேட்க முடியாது.

இந்தச் சிக்கலைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டவர் நானிக் மோத்வானே.

யார் இவர்?

இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்துப் பகுதியைச் சேர்ந்த வணிகக் குடும்பம். அப்பா கியான்சந்த் மோத்வானே 1909-ல் மின்சாதன வியாபாரம் தொடங்கினார். பிறகு கராச்சி, அங்கிருந்து பம்பாய் என்று தொழில் வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து சாமான் இறக்குமதி செய்தபோது அறிமுகமான ‘சிகாகோ’ என்ற பெயரே கம்பெனிக்கும் ஒட்டிக்கொண்டது. பழைய அரசியல் புகைப்படங்களில் தலைவர்களின் மைக்கில் ‘சிகாகோ ரேடியோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இவர்களுடையதுதான், அமெரிக்க ரேடியோ நிலையம் இல்லை.

1929-ல் ஒரு கூட்டத்தில் காந்தி படும் பாட்டை நானிக் நேரில் பார்த்தார். கூட்டம் முழுவதற்கும் குரல் எட்ட வேண்டுமே என்று காந்தி ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு மாறி மாறிப் போய்ப் பேச வேண்டியிருந்தது. நானிக் அப்போதே ஒலிபெருக்கி வேலையில் இறங்கிவிட்டார். 1931 மார்ச்சில், வல்லபாய் படேல் தலைமையில் நடந்த கராச்சி காங்கிரஸ் மாநாட்டில் அவருடைய ஒலிபெருக்கிகள் ஒலித்தன.

கொஞ்ச வாட்டில் எப்படி முடிந்தது?

அது டிரான்சிஸ்டர் வராத காலம். ஆம்ப்ளிஃபயர் என்றால் கண்ணாடி வால்வுதான். விலை அதிகம், சூடாகும், கிடைக்கும் வாட்டோ குறைவு. ஆம்ப்பைப் பெரிதாக்குவது கஷ்டம் என்றால், கிடைக்கிற வாட்டை வீணாக்காத ஸ்பீக்கர் வேண்டும்.

வீட்டில் நாம் வைத்திருக்கும் சாதாரண ஸ்பீக்கர், தனக்கு வரும் மின்சாரத்தில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக மாற்றுவதில்லை. மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். அதே டிரைவரின் முன்னால் சிறிய வாயில் தொடங்கி அகலமாக விரியும் ஒரு கூம்பை வைத்தால் கதையே மாறும். இரண்டு கையையும் வாயருகே குவித்து தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவோமே, அதே சூத்திரம்தான். நம்ம ஊரில் குழாய் ஸ்பீக்கர் என்போம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் வீட்டு ஸ்பீக்கர் 86 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய் ஸ்பீக்கர் 106 தருகிறது. வித்தியாசம் 20 டெசிபல். கேட்க 20 என்பது சின்ன எண்தான். ஆனால் வாட் கணக்கில் அது 100 மடங்கு!

இரண்டுக்கும் 10 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 96, 116 டெசிபல் கிடைக்கும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். 64 மீட்டர் தள்ளி நிற்பவரிடம் போய்ச் சேரும்போது முதலாவது 60 ஆகிவிடும். சாதாரணப் பேச்சு அளவு அது, கூட்டத்தின் சலசலப்பில் காணாமல் போகும். இரண்டாவது 80. தெளிவாகக் கேட்கும்.

சிறைக்கதவு வரை

காங்கிரஸ் கூட்டங்களுக்கு மைக் கட்டுவதை நானிக் வியாபாரமாக மட்டும் பார்க்கவில்லை. ஆங்கிலேய அரசின் கண் தன் கடைமேல் விழும் என்று தெரிந்தேதான் செய்தார். 1942-ல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோ நடத்தினார்கள். அதற்குக் கருவிகள் கொடுத்து உதவியதாக நானிக்கும் கைதானார். உஷா மேத்தாவுக்கு 4 ஆண்டு சிறை. நானிக் விடுவிக்கப்பட்டார். நாடு விடுதலை அடைந்த பிறகும் மேடைகளில் சிகாகோ ரேடியோ தொடர்ந்தது.

நமக்கு என்ன பாடம்?

நானிக் மறைந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபயர் மறுபடி ஃபேஷன் ஆகியிருக்கிறது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து 5 வாட் வால்வு ஆம்ப் வாங்கிவிட்டு, சத்தமே வரலையே என்று புலம்புகிறவர்கள் உண்டு. தப்பு பெரும்பாலும் ஆம்ப் மேல் இல்லை, ஜோடி சேர்த்த ஸ்பீக்கர் மேல்.

ஸ்பீக்கர் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்ட வாட்டைப் பார்க்காதீர்கள். அது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதுதான். பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி. 5 வாட்டுக்கு 95 டெசிபலை ஒட்டி இருந்தால் நிம்மதி. 86, 88 என்றால் சின்ன அறையில் மெதுவாகக் கேட்கலாம், அவ்வளவுதான். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு ஆம்ப் இரட்டிப்பு வாட் தர வேண்டியிருக்கும்.

அடுத்து ஓம். வால்வு ஆம்பின் பின்பக்கம் 4, 8, 16 ஓம் என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் ஓம் எதுவோ அதில் இணைக்க வேண்டும். சில ஸ்பீக்கர்கள் 8 ஓம் என்று சொல்லிக்கொண்டு சில சுருதிகளில் 3 ஓம் வரை இறங்கும். சின்ன வால்வு ஆம்ப் அங்கே திணறும்.

அதற்காகக் கோயில் குழாய் ஸ்பீக்கரை வீட்டுக்குத் தூக்கிவர வேண்டாம். அது பேச்சுக்குச் செய்தது. மிருதங்கத்தின் தொப்பி நாதம் அதில் வராது. கீழ்சுருதி வேண்டுமென்றால் கூம்பும் பெரிதாக வேண்டும். அமெரிக்காவின் பால் கிளிப்ஷ் 1940-களில் பெரிய கூம்பை மடித்துப் பெட்டிக்குள் அடக்கி, அறையின் மூலைச்சுவர்களையே கூம்பின் நீட்சியாக்கியது இதற்காகத்தான். ஆகவே அதிக சென்சிட்டிவிட்டி, நல்ல பேஸ் இரண்டும் கேட்டால் பெட்டி பெரிதாகத்தான் இருக்கும். வாங்கும் முன் ஹாலை அளந்துகொள்ளுங்கள்.