மூன்று முறை கடத்தப்பட்ட நாய். வீட்டைவிட்டுப் போன கவிஞர்!

ஆறு மாச நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தா என்ன நடக்கும்னு வளர்த்தவங்களுக்குத் தெரியும். செருப்பு ஒரு ஜோடி காலி. சோபா நுனி காலி. ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவே திடீர்னு ஒரு ஓட்டப்பந்தயம். சரி, அதே குட்டியை ஜன்னல்கூடத் திறக்காத ஓர் அறையில, கட்டிலைவிட்டு எழுந்துக்கவே கஷ்டப்படுற ஒருத்தரோட விட்டா?

1841-ல் இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது. அந்தக் கட்டிலில் இருந்தவர் எலிசபெத் பாரெட். பின்னாளில் எலிசபெத் பாரெட் பிரௌனிங் என்ற பெயரில் உலகமே வாசித்த கவிஞர். குட்டியின் பெயர் ஃப்ளஷ். காதில் முடி தொங்கும் காக்கர் ஸ்பேனியல். நாய் வளர்க்கிறவங்க யாரும் தங்கள் செல்லத்தை `அது'ன்னு சொல்ல மாட்டாங்க. அதனால நாமும் `அவன்' என்றே சொல்வோம்.

பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவர்

எலிசபெத் பிறந்தது 1806 மார்ச் 6. பன்னிரண்டு பிள்ளைகளில் மூத்தவர். அப்பாவின் செல்வம் ஜமைக்கா கரும்புத் தோட்டங்களில் இருந்து, அடிமைகளின் உழைப்பில் இருந்து வந்தது. அந்த அடிமை முறையை எதிர்த்து எலிசபெத் பின்னாளில் கவிதை எழுதினார் என்பது தனிக்கதை.

சின்ன வயதிலேயே கிரேக்கம் படித்து, கவிதை எழுதி, ஊர் சுற்றிய பெண் அவர். பதினைந்து வயதுவாக்கில் உடம்பு படுத்த ஆரம்பித்தது. என்ன நோய் என்று இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வலிக்கு அந்தக் கால மருத்துவர்கள் கொடுத்தது அபின் கலந்த மருந்து. அது கடைசிவரை அவரை விடவில்லை.

1838-ல் கடற்காற்றுக்காக டார்க்கி என்ற கடலோர ஊருக்கு அனுப்பினார்கள். கூடப் பிறந்தவர்களில் அவருக்கு ரொம்பப் பிடித்த தம்பி எட்வர்டு துணைக்கு வந்தார். கொஞ்ச நாளில் தம்பியைத் திரும்பி வரச்சொன்னார் அப்பா. எலிசபெத் அழுது கெஞ்சி அங்கேயே இருக்கவைத்தார். 1840 ஜூலையில் படகில் போன எட்வர்டு திரும்பி வரவில்லை. கடலில் மூழ்கிவிட்டார். நான் கெஞ்சாமல் இருந்திருந்தால் தம்பி உயிரோடு இருந்திருப்பானே என்ற நினைப்பு எலிசபெத்தைத் தின்றது. அதே வருடம் பிப்ரவரியில்தான் இன்னொரு தம்பி ஜமைக்காவில் இறந்திருந்தார்.

ஆறுதல் சொல்ல வார்த்தை இல்லாத இந்த நேரத்தில், மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்ட் என்ற எழுத்தாளர் தோழி ஒரு யோசனை சொன்னார். அவரே பணக் கஷ்டத்தில் இருந்தவர். ஆனாலும் தன் நாய் ஃப்ளஷ்ஷுக்குப் பிறந்த குட்டியைக் கொடுத்தார். அப்பன் பெயரே பிள்ளைக்கும். 1841 ஜனவரியில் குட்டி ஃப்ளஷ் டார்க்கி வந்து சேர்ந்தான். எலிசபெத்துக்கு அப்போது 34 வயது.

புதருக்குப் பிறந்தவன், அறைக்குள் வளர்ந்தான்

காக்கர் ஸ்பேனியல் சோபாவுக்காக உருவான இனம் இல்லை. புதருக்குள் புகுந்து பறவைகளைக் கிளப்பிவிடும் வேட்டை நாய். நாள் முழுக்க ஓடணும், மோப்பம் பிடிக்கணும், அப்போதான் அதுக்கு நிம்மதி. அப்படிப்பட்டவன் லண்டன் விம்போல் தெரு, 50-ம் எண் வீட்டின் மாடி அறைக்கு வந்தான். குளிர்காலம் முழுக்க ஜன்னல் திறக்காது. வெளியே போனால் கழுத்தில் சங்கிலி. வேலைக்காரப் பெண்ணோடு ஒரு நடை, அவ்வளவுதான்.

எனர்ஜி எல்லாம் எங்கே போகும்? எலிசபெத் தன்னால் முடிந்ததைச் செய்தார். கட்டிலில் இடம் கொடுத்தார், மணிக்கணக்கில் பேசினார், எழுத்தும் எண்ணும் சொல்லித்தரக்கூட முயற்சி செய்தார். கேக் ஊட்டிச் செல்லம் கொடுத்துக் கெடுத்தார். தோழிக்கு எழுதிய கடிதங்களில் பக்கம் பக்கமாக ஃப்ளஷ் புராணம்தான். இன்னிக்கு இருந்திருந்தால் இன்ஸ்டாவில் அவனுக்குத் தனி அக்கவுன்ட் இருந்திருக்கும்!

ஃப்ளஷ்ஷும் பதிலுக்கு ஒன்று செய்தான். அவர் அழுதால் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வான். வெயிலும் புல்லும் வெளியே இருக்க, அந்த இருட்டறையிலேயே கிடந்தான். தனக்காக அவன் எதை விட்டுக்கொடுக்கிறான் என்பது எலிசபெத்துக்குத் தெரிந்தே இருந்தது. அதைக் கவிதையாகவும் எழுதினார். 1844-ல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பு அவரை இங்கிலாந்தின் முன்னணிக் கவிஞர்களில் ஒருவராக்கியது.

வருங்கால மாப்பிள்ளைக்குக் கடி

அந்தத் தொகுப்பைப் படித்து உருகிப்போய், 1845 ஜனவரியில் ஒருவர் கடிதம் போட்டார். அவர் ராபர்ட் பிரௌனிங், எலிசபெத்தைவிட ஆறு வயது இளைய கவிஞர். மே மாதம் நேரில் வந்தார். அடுத்த ஒன்றரை வருடத்தில் இருவருக்கும் இடையே 570-க்கும் மேற்பட்ட கடிதங்கள்.

இதில் சிக்கல் ரெண்டு. ஒன்று, அப்பா. மகனோ மகளோ, யாருமே கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இரண்டாவது சிக்கல், ஃப்ளஷ். நாலு வருஷமா எனக்கு மட்டுமே சொந்தமா இருந்தவங்க பக்கத்துல யார் இந்த ஆளு? 1846 ஜூலையில் ராபர்ட்டை ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை கடித்துவைத்தான். ராபர்ட் கோபப்படவில்லை. கேக் வாங்கி வந்தார். மெதுமெதுவாகத்தான் சமாதானம் ஆனது.

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் மே மாதம், ரீஜன்ட்ஸ் பார்க்கில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் புல்லில் நடந்தார் எலிசபெத். கூடவே தங்கை அரபெல், ஃப்ளஷ். வருடக்கணக்கில் அறைக்குள் இருந்தவருக்கு அந்தச் சில அடிகள் பெரிய விஷயம்.

கடத்தல் நம்பர் 3

அன்றைய லண்டனில் நாய் திருடுவது ஒரு முழுநேரத் தொழில். பணக்கார வீட்டு நாயைத் தூக்குவார்கள், ஆள் அனுப்பிப் பேரம் பேசுவார்கள். பணம் வரவில்லையென்றால் நாயின் தலை பார்சலில் வரும் என்ற பயம் ஊரெங்கும் இருந்தது. இதைத் தடுக்க 1845-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. தொழில் நிற்கவில்லை.

ஃப்ளஷ் ஏற்கெனவே இரண்டு முறை திருடுபோய், பணம் கொடுத்து மீட்கப்பட்டவன். 1846 செப்டம்பர் 1 அன்று மூன்றாவது முறை. கடைக்குப் போய்விட்டு வண்டியில் ஏறுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் காலடியில் இருந்தவனைக் காணோம்!

அப்பா பணம் கொடுக்கக் கூடாது என்றார். ராபர்ட்டும் அதையேதான் சொன்னார். இன்று கொடுத்தால் நாளை இன்னொரு வீட்டு நாயைத் தூக்குவார்கள், கொள்ளைக்காரனுக்குத் தீனி போடுவது தப்பு என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால், கொள்ளைக்காரர்கள் என்னைப் பிடித்துவைத்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார் எலிசபெத். தன்னை நம்பியிருக்கும் ஒரு ஜீவனை வைத்துக்கொண்டு ஊருக்குப் பாடம் எடுக்க அவர் தயாராக இல்லை.

பேச்சோடு நிற்கவில்லை. பணிப்பெண் வில்சனைக் கூட்டிக்கொண்டு, வாடகை வண்டி பிடித்து, திருடர் கும்பல் இருந்த ஷோர்டிச் பகுதிக்கே போனார். அவர் அதுவரை பார்த்தேயிராத லண்டன் அது. வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. கும்பல் தலைவன் டெய்லர் வீட்டில் இல்லை, மனைவிதான் இருந்தாள். சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். பிறகு டெய்லரே விம்போல் தெருவுக்குப் பணம் வாங்க வந்தான். அந்த நேரம் பார்த்து தம்பி ஆல்ஃபிரட் அவனைத் திருடன் என்று திட்டிவிட, கோபத்தில் கிளம்பிவிட்டான். எலிசபெத் மறுபடியும் ஷோர்டிச் போக எழுந்தார். வேண்டாம் என்று தடுத்து, இன்னொரு தம்பி செப்டிமஸ் போய் 6 கினியைக் கொடுத்து முடித்தார். ஃப்ளஷ் வீடு வந்தான். மூன்று முறைக்கும் சேர்த்து எலிசபெத் கொடுத்தது சுமார் 20 பவுண்டு.

ஒரே வாரத்தில் கல்யாணம்

தேதிகளைக் கவனியுங்கள். செப்டம்பர் 1 கடத்தல். செப்டம்பர் 12, வீட்டுக்குத் தெரியாமல் மேரில்போன் தேவாலயத்தில் ராபர்ட்டோடு கல்யாணம். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்கே திரும்பினார். செப்டம்பர் 19, வில்சனோடும் ஃப்ளஷ்ஷோடும் வீட்டைவிட்டு வெளியேறினார். ஃப்ளஷ் ஒருமுறை குரைத்திருந்தால் கதை கந்தல். மூவரும் சத்தமில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அங்கிருந்து பிரான்ஸ், பிறகு இத்தாலி.

மறுபடி நாயோடு வந்து நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பாவும் காதலரும் சேர்ந்து வேண்டாம் என்று சொன்னதை மீறி, அவர் தன் காலில் கிளம்பிப்போனது அந்த செப்டம்பரில்தான்.

சங்கிலி இல்லாத ஊர்

ஃப்ளாரன்ஸ் நகரில் காசா குய்தி என்ற வீட்டில் குடியேறினார்கள். அங்கே ஃப்ளஷ்ஷுக்குச் சங்கிலி இல்லை. தானாக வெளியே போவான், தெரு நாய்களோடு சுற்றுவான், பசிக்கும்போது வருவான். இத்தாலியத் தெள்ளுப்பூச்சிகள் படுத்தியதில் ராபர்ட் அவன் முடியையே வெட்டிவிட வேண்டியதாயிற்று. அதைத் தவிர ராஜ வாழ்க்கை.

எலிசபெத்தும் நடந்தார், பயணம் போனார். கருச்சிதைவுகளைத் தாண்டி, 1849 மார்ச் 9-ல், 43 வயதில் மகன் பென் பிறந்தான். ஃப்ளஷ்ஷுக்கு இரண்டு வாரம் முகமே சரியில்லை. அப்புறம் குழந்தைக்கு அவனே பெஸ்ட் ஃப்ரெண்ட். 1856-ல் `அரோரா லீ' வெளியானது. அப்பா மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை. மகளின் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்.

ஃப்ளஷ் 1854-ல் வயதாகி இறந்தான். காசா குய்தியின் நிலவறையில் புதைத்தார்கள். எலிசபெத் 1861 ஜூன் 29-ல் அதே வீட்டில் கணவரின் கைகளில் உயிர்விட்டார். 1933-ல் வெர்ஜீனியா உல்ஃப், ஃப்ளஷ்ஷின் வாழ்க்கையையே ஒரு புத்தகமாக எழுதினார்.

ஃப்ளஷ் அஞ்சு வருஷத்துக்கு மேல அறைக்குள்ள பொறுமையா இருந்தான். அவனுக்கு அது பிடிச்சதுன்னு அர்த்தம் இல்லை. அவனோட நிஜமான சந்தோஷம் என்னன்னு ஃப்ளாரன்ஸ் தெருவுலதான் தெரிஞ்சது. உங்க வீட்டுக் குட்டியும் இப்போ கதவையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்துட்டு இருந்தா, போனைக் கீழ வெச்சுட்டு ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வாங்க!