பேப்பர் விற்ற பையன் செய்த கழுகு

ரோல்ஸ் ராய்ஸ் கார் எல்லாருக்கும் தெரியும். அதில் வரும் ராய்ஸ் யார் என்று எழுதுகிறேன்.

ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27-ல் இங்கிலாந்தில் ஆல்வால்டன் கிராமத்தில் பிறந்தார். அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப் போனவர். மகனுக்கு 9 வயதில் அவரும் இறந்துவிட்டார். பையன் பேப்பர் விற்றான், தந்தி கொண்டுபோய்க் கொடுத்தான். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். சொந்தக்கார அம்மா ஒருவர் பணம் கட்டி ரயில்வே பட்டறையில் வேலை பழக விட்டார். மூணு வருஷத்தில் அந்தப் பணமும் நின்னு போச்சு. அப்படிப்பட்டவர் 1884-ல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டார். 1904-ல் கார் செய்தார். அந்த வருஷமே பணக்கார வீட்டுப் பிள்ளையான சார்லஸ் ரோல்ஸ் கூட்டு சேர்ந்தார். 1910-ல் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தார். அப்புறம் ராய்ஸுக்கும் உடம்பு ரொம்ப மோசமாகி, டெர்பி தொழிற்சாலையை விட்டுக் கடற்கரை ஊரில் தங்கினார்.

1914-ல் முதல் உலகப்போர். காற்றால் குளிரும் விமான இன்ஜின் செய்து தரச் சொன்னார்கள். ராய்ஸ் கம்பெனி, தண்ணீரால் குளிர்வதுதான் எங்களுக்குத் தெரிந்த வேலை என்று நின்றது. நம்ம ஊர் ஆயில் இன்ஜினில் சுடுதண்ணி வெளியே வருமே, சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால்தான் அது. விமானத்தில் தண்ணீரைக் கொட்டிவிட முடியாது. ரேடியேட்டரில் ஆறவைத்து அதே தண்ணீரைத் திரும்ப அனுப்ப வேண்டும். ராய்ஸ் தங்கியிருந்த இடத்திலேயே படம் வரைந்து டெர்பிக்கு அனுப்பினார். ஆறு ஆறாக இரண்டு வரிசை, மொத்தம் 12 சிலிண்டர். ஒவ்வொன்றைச் சுற்றியும் தண்ணீர் ஓட இரும்புச் சட்டை. 1915-ல் ஓடியபோது 225 குதிரைத்திறன். போர் முடிவதற்குள் 360 ஆக்கிவிட்டார்கள்! பெயர் ஈகிள், அதாவது கழுகு.

அந்தக் கழுகு குண்டு போடும் பெரிய விமானங்களிலும் போச்சு. இது மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கீழே இருந்ததும் ஜனங்கள்தானே?

1919 ஜூனில் ஆல்காக், பிரவுன் என்ற இருவர் அதே மாதிரி குண்டுவீச்சு விமானத்தில், குண்டுக்குப் பதில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பினார்கள். இரண்டு ஈகிள் இன்ஜின்கள். மூடுபனி, மழை எல்லாம் தாண்டி, சுமார் 16 மணி நேரத்தில் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்தில் இறங்கினார்கள். வயல் என்று நினைத்து இறக்கியது சேறு, விமானம் மூக்கு குத்தி நின்றது. ஆனால் இன்ஜின்கள் கடைசி வரை நிற்கவில்லை.

1930-ல் ராய்ஸுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1933 ஏப்ரல் 22-ல் காலமானார். அவர் தொடங்கி வைத்த இன்னொரு 12 சிலிண்டர் தண்ணீர் இன்ஜின் அந்த அக்டோபரில்தான் முதலில் ஓடியது. அதன் பெயர் மெர்லின். அவர் அதைப் பார்க்கவில்லை.

- 9-ஆம் வகுப்பு மாணவி