ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பியவர்கள்

பணி ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்னும் எண்ணம், பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலத்தில் குடியேறிய நம் போன்றோர் உள்ளத்தில் எந்நாளும் உண்டு. ஊரில் மனை வாங்கி வைக்கிறோம், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்கிறோம், வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவும் தயங்குகிறோம். இருபது, முப்பது ஆண்டுகள் இவ்வாறே கழிகின்றன. அதற்குள் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பயின்று, இவ்வூர் மொழியைத் தாய்மொழியினும் சரளமாகப் பேசத் தொடங்கிவிடுகின்றனர். திரும்பிச் செல்லும் ஊர் நம்முடையதா, விட்டுச் செல்லும் ஊர் நம்முடையதா என்னும் ஐயம் அப்போது எழுகிறது. இந்த ஐயத்தை நம்மினும் பன்மடங்கு கடுமையாக எதிர்கொண்ட ஒரு தம்பதியரின் வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம். தென்னாப்பிரிக்காவில் ஐம்பது ஆண்டுகள் சமயப் பணியாற்றிய ராபர்ட் மாஃபட்டும் அவர்தம் துணைவியார் மேரியுமே அவர்கள். ஆப்பிரிக்கப் பயணங்களால் உலகப் புகழ் பெற்ற டேவிட் லிவிங்ஸ்டனின் மாமனாரும் மாமியாரும் இவர்களே.

ராபர்ட் 1795ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் ஸ்காட்லாந்திலுள்ள ஆர்மிஸ்டன் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். குளிர்கால மாலை வேளைகளில் அவருடைய அன்னையார் தம் ஆண்மக்களுக்கும் தையலும் பின்னலும் கற்றுக்கொடுத்தார். எந்த நாட்டில் எந்த நிலையில் வாழ நேருமோ, யார் அறிவார் என்பது அத்தாயின் எண்ணம். அந்தப் பயிற்சி பிற்காலத்தில் மகனுக்கு மிகவும் உதவியது. ராபர்ட் தோட்டத் தொழிலைக் கற்று இங்கிலாந்துக்குச் சென்றார். மான்செஸ்டர் நகருக்கு அருகில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஸ்மித் என்பவரிடம் வேலைக்கு அமர்ந்தார். அப்பண்ணை உரிமையாளரின் மகளே மேரி. இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினர். ஆனால் கண்காணாத ஆப்பிரிக்காவுக்கு மகளை அனுப்பப் பெற்றோர் இசையவில்லை. இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சார்பில் 1816இல் ராபர்ட் தனியே கப்பலேறினார். இரண்டரை ஆண்டுகள் மேரி பொறுமையாகக் காத்திருந்தார். இறுதியில் பெற்றோர் மனம் இரங்கினர். 1819ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் கேப் டவுன் நகரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகள் வீட்டார் ஒருவரும் அருகில் இல்லை.

அங்கிருந்து மாட்டு வண்டியில் உள்நாட்டுப் பயணம் தொடங்கிற்று. இன்று வடக்குக் கேப் மாநிலம் எனப்படும் பகுதியிலுள்ள குருமான் என்னும் இடத்தில் அவர்கள் குடியமர்ந்தனர். சுவானா மக்களின் நாடு அது. மழை அரிது, நிலம் வறண்டது. ஆயினும் குருமானில் பாறைக்கு அடியிலிருந்து பெருக்கெடுக்கும் ஊற்று ஒன்று உண்டு. நாள்தோறும் ஏறத்தாழ 2 கோடி லிட்டர் நீர் அதிலிருந்து வெளிப்படுகிறது. தோட்டக்காரராகிய ராபர்ட் அந்நீரின் அருமையை அறிந்து, வாய்க்கால் வெட்டிக் காய்கறியும் தானியமும் கனிமரங்களும் பயிர் செய்தார். தொடக்கக் காலத்தில் மேல்புறத்துப் பெண்கள் வாய்க்காலை உடைத்து நீரைத் தங்கள் கொல்லைக்குத் திருப்பிக்கொள்வர். இவரும் மண்வெட்டியைத் தோளில் சுமந்து சென்று மீண்டும் அடைப்பார். தண்ணீர்ப் பங்கீட்டுத் தகராறு எத்தன்மையது என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மேரியின் இல்லறம் எளிதாக அமையவில்லை. வீட்டுக்குள் எவரும் எந்நேரமும் நுழைந்து அமர்வர். கைக்கு எட்டிய பாத்திரமும் கருவியும் மறைந்துவிடும். இங்கிலாந்துக்கு எழுதிய மடல் ஒன்றில் மேரி தம் வீட்டு வழக்கம் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார். வாரம் ஒருமுறையேனும் அறைகள் அனைத்திலும் தரையைச் சாணத்தால் மெழுகவேண்டும் என்பதே அது. முதலில் அவர் மனம் அதனை ஏற்கவில்லை. புழுதி அடங்குவதையும் பூச்சிகள் ஒழிவதையும் கண்ட பின்னர், மெழுகிய தரையைக் கண்டு மகிழத் தொடங்கினார். நம் பாட்டிமார் நாள்தோறும் செய்த இந்த வேலையை ஆங்கிலப் பெண்மணி ஒருவர் ஆப்பிரிக்காவில் கற்றுக்கொண்டார் என்பது நமக்கு வியப்பும் உவகையும் தருகிறது. அயலூரில் குடியேறுவோர் அவ்வூரின் தரையை மெழுகக் கற்ற நாளில்தான் அங்கு உண்மையாகவே குடியேறுகின்றனர்.

1820ஐ அடுத்த ஆண்டுகளில் கொடிய வறட்சி நிலவிற்று. வெள்ளையர் வந்ததனால்தான் வானம் பொய்த்தது என்னும் பேச்சு பரவிற்று. ஒரு நாள் குடித்தலைவர் ஒருவர் ஈட்டி ஏந்தித் தம் ஆட்களுடன் வந்து, அவர்களை ஊரைவிட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார். மேரி கைக்குழந்தையுடன் குடிசை வாயிலில் நின்றுகொண்டிருந்தார். ராபர்ட் தம் மேலாடையைத் திறந்து மார்பைக் காட்டி, கொல்வதாயின் கொல்லுங்கள், போகமாட்டோம் என்னும் பொருள்பட விடையளித்தார். வந்தவர்கள் வியந்து திரும்பிச் சென்றனர்.

பணி தொடங்கிப் பல ஆண்டுகள் சென்றும் ஒருவரும் அவர்கள் சமயத்தைத் தழுவவில்லை. அந்நாளில் இங்கிலாந்திலிருந்த தோழி ஒருவர், என்ன பரிசு அனுப்பலாம் என்று மேரியைக் கேட்டு எழுதினார். திருவிருந்துக்கு வேண்டிய பாத்திரங்கள் போதும் என்று மேரி விடை எழுதினார். பங்குகொள்ள ஒருவரும் இல்லாத காலத்தில் எழுதிய மடல் அது. பாத்திரங்கள் கடல் கடந்து 1829இல் குருமானை அடைந்தன. முதன்முறையாகத் திருவிருந்து நடைபெறுவதற்கு முந்தைய நாளாக அது அமைந்தது.

ராபர்ட்டின் அருஞ்செயல் சுவானா மொழியில் அவர் காட்டிய உழைப்பே எனலாம். மொழிபெயர்ப்பாளரை நம்பிப் பேசுவதில் நிறைவு காணாமல், 1827இல் மனைவி மக்களைவிட்டுச் சில வாரங்கள் அம்மக்களிடையே தனித்து வாழ்ந்து அவர்கள் பேச்சைக் கற்றார். எழுத்து வழக்கு இல்லாதிருந்த அம்மொழியில் லூக்கா நற்செய்தியை மொழிபெயர்த்து 1830இல் கேப் டவுனில் அச்சிட்டார். அச்சுக் கோப்போர் கிடைக்காமையால் அத்தொழிலையும் தாமே கற்றார். கை அச்சுப்பொறி ஒன்றையும் குருமானுக்குக் கொணர்ந்தார். 1857இல் விவிலியம் முழுவதும் சுவானா மொழியில் நிறைவெய்திற்று. அவர் எழுப்பிய கற்கோயில் 1838இல் திறக்கப்பெற்று இன்றும் நிலைத்துள்ளது.

அவர் அறியத் தவறியதையும் சொல்லுதல் முறையாகும். சுவானா மக்கள் தம் முன்னோரை பதிமோ என்னும் சொல்லால் போற்றினர். அச்சொல்லையே விவிலியத்தில் பேய்களைக் குறிக்க அவர் கையாண்டார். நம் தென்புலத்தாரைப் பேய் என்று ஒருவர் எழுதினால் நம் மனம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் கொடுமை விளங்கும். மொழியைப் பல ஆண்டுகள் பயின்றவரும் அம்மொழியினரின் வழிபாட்டை உள்ளபடி உணரவில்லை என அந்நாட்டு அறிஞர் இன்று எடுத்துக்காட்டுகின்றனர்.

1829க்கும் 1860க்கும் இடையே ராபர்ட் ஐந்து முறை இண்டபேலே அரசர் முசிலிகாசியைக் காணத் தொலைதூரப் பயணம் சென்றார். இருவரிடையே ஆழ்ந்த நட்பு நிலவிற்று. அந்நட்பால் விளைந்த மதிப்பு பிற்காலத்தில் வேறு வழியிலும் பயன்பட்டது. ராபர்ட்டின் மகன் ஜான் 1888இல் முசிலிகாசியின் மகன் லொபெங்குலாவிடம் பெற்ற உடன்படிக்கை, அந்நாடு பிரிட்டிஷார் கைக்குச் செல்ல வழிவகுத்தது. தந்தையார் அப்போது உயிருடன் இல்லை.

கணவர் பயணம் சென்ற மாதங்களிலெல்லாம் குருமானைத் தாங்கியவர் மேரியே. பத்து மக்களைப் பெற்று மூவரை இளமையிலேயே இழந்தார். மற்றவர்களைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பல வாரங்கள் மாட்டு வண்டியில் பயணம் செய்து, அவர்களை அங்கே விட்டுத் திரும்பினார். 1839இல் குடும்பத்தோடு இங்கிலாந்து செல்லக் கேப் டவுனில் கப்பலேறியபோது, கப்பலிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. சில நாட்களுக்குள் ஆறு வயது மகன் அம்மை நோயால் இறந்தான். 1843இல் மீண்டும் ஆப்பிரிக்கா திரும்பினர். 1845இல் மூத்த மகள் மேரி, லிவிங்ஸ்டனை மணந்தார். குருமான் தோட்டத்து வாதுமை மரத்தடியில் அவர் தம் விருப்பத்தைத் தெரிவித்தார் என்பது செவிவழிச் செய்தி. மருமகனின் புகழ் உலகறிந்தது. மாமியாரின் கவலையைச் சிலரே அறிவர். கருவுற்றிருந்த மகளையும் பேரக் குழந்தைகளையும் பாலைவனப் பயணத்துக்கு அழைத்துச் செல்லத் துணிந்த மருமகனைக் கண்டித்து 1851இல் மேரி மடல் எழுதினார். முந்தைய ஆண்டில்தான் பேத்தி ஒருத்தியை அக்குடும்பம் இழந்திருந்தது. 1862இல் மகள் மேரி சாம்பேசி ஆற்றங்கரையில் காய்ச்சலால் மாண்டார். அதே ஆண்டில் மகன் ராபர்ட்டும் மறைந்தார்.

முதுமையும் உடல்நலக் குறைவும் சேர்ந்த பிறகு, 1870ஆம் ஆண்டு மார்ச்சில் எழுபத்து நான்கு வயதைக் கடந்த இருவரும் குருமானிலிருந்து விடைபெற்றனர். மக்கள் திரள் திரளாக வந்து கைகளைப் பற்றிக்கொண்டனர். வண்டி புறப்பட்ட பின்னும் அழுதவண்ணம் உடன் நடந்தனர். மகன் ஜான் பணியைத் தொடர அங்கேயே தங்கினார். ஜூலைத் திங்களில் தம்பதியர் பிளைமவுத் துறைமுகத்தில் இறங்கினர். நாட்டார் அவர்களைப் பெருமையோடு வரவேற்றனர். கூட்டங்கள் நடத்திப் பாராட்டினர். ஆனால் அவர்கள் இறுதியாக அந்நாட்டைக் கண்டு இருபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. பெற்றோர் இல்லை. மணமான மகளிர் சிலரும் மகனும் பேரப்பிள்ளைகளும் ஆப்பிரிக்காவில் இருந்தனர். இறந்த மக்களின் கல்லறைகளும் அங்கேயே இருந்தன. ஊருக்குத் திரும்பினர் என்று உலகம் கூறிற்று. எழுபத்தைந்தாம் வயதில் அவர்கள் இரண்டாம் முறையாகக் குடிபெயர்ந்தனர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இலண்டனை அடுத்த பிரிக்ஸ்டனில் வீடு அமைந்தது. முதல் குளிர்காலத்தையே மேரியால் தாங்க முடியவில்லை. கரை இறங்கி ஆறு மாதமும் நிறைவதற்கு முன், 1871 ஜனவரி 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தாம் சென்ற பின் கணவர் இத்துயரைத் தாங்கும் வலிமை பெறவேண்டும் என்பதே அவருடைய கடைசி வேண்டுதலாக இருந்தது என்பர்.

ராபர்ட் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 1873இல் அன்பர்கள் 5,000 பவுனுக்கு மேற்பட்ட பணமுடிப்பு அளித்து அவர் முதுமையைக் காத்தனர். 1874இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் மருமகன் லிவிங்ஸ்டனின் உடல் அடக்கத்தில் கலந்துகொண்டார். ஊர் ஊராகச் சென்று ஆப்பிரிக்காவைப் பற்றியே பேசினார். 1883 ஆகஸ்டு 9ஆம் நாள் கெண்ட் வட்டாரத்து லீ என்னும் சிற்றூரில் காலமாகி, இலண்டனில் நார்வுட் கல்லறைத் தோட்டத்தில் மேரியின் அருகே அடக்கம் செய்யப்பெற்றார்.

திரும்பிப் போகாதிருந்தால் நன்றாயிருந்திருக்குமோ என்று நாம் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை கூறுதல் எளிதன்று. ஆனால் ஒன்று தெளிவு. என்றேனும் போகப்போகிறோம் என்று எண்ணி அவர்கள் அங்கு விருந்தினராக வாழவில்லை. வாய்க்கால் வெட்டினர், மரம் வைத்தனர், மொழி கற்றனர், தரை மெழுகினர். அதனால்தான் பிரிவு அத்துணைத் துயர் தந்தது. நம்முள் பலரும் ஒருநாள் மூட்டை கட்டி ஊருக்குப் பயணமாவோம். அந்த நாளில் வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வருபவர்களுள் இவ்வூர் மக்களும் இருப்பார்களா? இருக்க வேண்டுமெனில் அண்டை வீட்டாரின் மொழியை நாமும் நம் குழந்தைகளும் இன்றே அன்போடு பயில வேண்டும். மாஃபட் கற்கத் தவறிய அவர்தம் வழிபாட்டையும் மதித்து அறிய வேண்டும். அவ்வாறு வாழ்ந்தால் நாம் நட்ட மரத்தின் நிழலில் நாம் போன பின்னும் யாரேனும் அமர்ந்திருப்பர்.