இரத்தத்தின் புதிரை அவிழ்த்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்

விபத்தில் அடிபட்டவருக்கும் பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய்க்கும் இன்று பினாங்கு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றி உயிர் காக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இது சூதாட்டமாகவே இருந்தது. ஒருவர் பிழைப்பார்; இன்னொருவர் இரத்தம் ஏறிய சிறிது நேரத்திலேயே நடுங்கி இறந்துபோவார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டு சொன்னவர்தான் டாக்டர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். இடைநிலைப்பள்ளியில் ‘கும்புலான் டாரா’ என்று மலாயில் மனனம் செய்த பாடத்திற்குப் பின்னால் இப்படியொரு மனிதர் இருப்பதைப் பல்கலைக்கழகம் வந்த பிறகே நான் படித்தறிந்தேன்.

லாண்ட்ஸ்டெய்னர் 1868ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஆஸ்திரியாவில், வியன்னா நகருக்கு அருகில் பிறந்தார். தந்தை பத்திரிகையாளர். மகனுக்கு ஆறு வயதானபோது அவர் காலமானார். தாய் ஃபேன்னியே வளர்த்து ஆளாக்கினார். 1891இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற லாண்ட்ஸ்டெய்னர், உடனே மருத்துவத் தொழிலில் இறங்கிவிடவில்லை. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சென்று வேதியியல் கற்றார். அந்த அறிவே பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது.

வியன்னா ஆய்வுக்கூடத்தில் தம் இரத்தத்தையும் உடன் பணியாற்றிய ஐவரின் இரத்தத்தையும் எடுத்தார். சிவப்பணுக்களைத் தனியாகவும் ஊநீர் எனப்படும் தெளிந்த நீர்ப்பகுதியைத் தனியாகவும் பிரித்து, ஒருவருடையதை மற்றவருடையதோடு கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டன. சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. நோயால் ஏற்படும் கோளாறு என்று பிறர் ஒதுக்கிய இதனை, உடல்நலம் உள்ளவர்களிடமும் இயல்பாகவே இருக்கும் வேறுபாடு என்று அவர் உணர்ந்தார். 1901இல் ஏ, பி, சி என மூன்று வகைகளை அறிவித்தார். சி பின்னர் ஓ ஆனது. மறு ஆண்டே அவருடைய சக ஆய்வாளர்கள் ஏபி வகையைக் கண்டனர்.

உலகம் இதன் அருமையை உடனே உணரவில்லை. 1907இல்தான் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பர்க் என்ற மருத்துவர் பொருத்தம் பார்த்து இரத்தம் ஏற்றினார். லாண்ட்ஸ்டெய்னரோ ஓய்ந்திருக்கவில்லை. இளம்பிள்ளைவாதம் கிருமியால் பரவுவதை 1908இல் எர்வின் பாப்பருடன் சேர்ந்து குரங்குகளில் காட்டினார்.

முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவை வறுமை வாட்டியது. 1919இல் குடும்பத்துடன் நெதர்லாந்துக்குச் சென்றார். சில ஆண்டுகளில் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. பணி ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வை விடாமல், 72ஆம் வயதில், 1940இல், அலெக்சாண்டர் வீனருடன் ஆர்எச் காரணியை அறிவித்தார். ஆர்எச் நெகட்டிவ் தாயின் வயிற்றில் ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை வளரும்போது நேரும் ஆபத்தை மருத்துவர்கள் புரிந்துகொள்ள இது வழி திறந்தது. என் அம்மா நெகட்டிவ். நான் பிறந்ததும் அவருக்கு ஓர் ஊசி போட்டார்கள். தம்பி நலமாகப் பிறந்தான். எங்கள் வீட்டிற்கும் அந்த முதியவருக்கும் உள்ள உறவு இதுதான்.

1943ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்தது. இரண்டு நாளில் மறைந்தார்.

அவர் தொடங்கிய தேடல் தொடர்ந்தது. 1952இல் மும்பையில் டாக்டர் ஒய்.எம். பெண்டேவும் குழுவினரும் ‘பம்பாய் வகை’ இரத்தத்தை வெளியுலகிற்குச் சொன்னார்கள். சாதாரணச் சோதனையில் அது ஓ போலவே தோன்றும். ஆனால் அவர்களுக்கு ஓ இரத்தம்கூட ஒத்துக்கொள்ளாது. தம் வகையினரின் இரத்தம் மட்டுமே சேரும்.

லாண்ட்ஸ்டெய்னர் பிறந்த ஜூன் 14 இன்று உலக இரத்த தானம் செய்வோர் நாள். நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மலாய், சீன மக்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே ஆர்எச் நெகட்டிவ் உள்ளது. இந்தியர்களில் ஏறத்தாழ ஐவருக்கு உண்டு. ஆகவே இந்நாட்டில் அந்த அரிய இரத்தம் தேவைப்படும்போது, எந்த இனத்தவருக்கானாலும், தேடல் நம்மை நோக்கியும் வரும். நண்பர்களே, அடுத்த முறை நம் வளாகத்திற்கு இரத்த வங்கியினர் வரும்போது கையை நீட்டுங்கள். முதலில் உங்கள் வகை என்ன என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.