பேர்மிங்காமின் நகரபிதா

1895 முதல் 1903 வரை பிரித்தானியக் குடியேற்றநாட்டு மந்திரியாக வீற்றிருந்து, இலங்கையையும் தம் திணைக்களத்தின் ஆட்சிக்குள் வைத்திருந்தவர் என்ற வகையில் யோசேப் சேம்பர்லேனின் பெயரை நம்மவர் அறிவர். தென்னாபிரிக்கப் போரின் பழியும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும், அவர் வாழ்வின் சிறந்த பகுதி அப்பெரும் பதவிக்கு இருபதாண்டுகளின் முன்னர், ஒரு கைத்தொழில் நகரின் குடிநீருக்காகவும் தெருவிளக்குக்காகவும் அவர் வாதாடிய காலமே என்பது எமது துணிபு.

1836இல் இலண்டனிற் பிறந்த சேம்பர்லேன், தந்தையார் முதலீடு செய்திருந்த திருகாணித் தொழிலைக் கவனிக்கும் பொருட்டு 1854இல் பேர்மிங்காமுக்கு வந்தார். தொழில் செழித்தது, நகரின் நிலையோ வேறு. 1871இல் ஏறத்தாழ 3½ இலட்சம் மக்கள் வாழ்ந்த அவ்வூரிலே ஏழைகள் பலர் கழிவு ஊறிய கிணற்று நீரையே பருகினர்.

நகரசபையில் நெடுங்காலம் ஓங்கியிருந்தோர் சிக்கனக் கட்சியார். சோலைவரி ஒரு பென்னியும் ஏறலாகாது என்பதே அவர்தம் கொள்கை. அவர்களைக் கஞ்சர் என இகழ்ந்துவிடுதல் எளிது. ஆனால் அன்றாட வியாபாரத்தால் வாழ்ந்த சிறு கடைக்காரனுக்கு வரியேற்றம் மெய்யான சுமையன்றோ? அச்சிக்கனத்தின் விலையைச் செலுத்தியவர் வேறு என்பதே கொடுமை.

1869 நவம்பரில் சென் போல்ஸ் வட்டாரத்தின் பிரதிநிதியாகச் சேம்பர்லேன் சபையுட் புகுந்தார். மறுவருடம் பாடசாலைச் சபைத் தேர்தலில் அவருடைய லிபரல் கட்சி பதினைந்து இடங்களுக்கும் ஆள் நிறுத்தி, வாக்குகள் சிதறியதாற் பெரும்பான்மையை இழந்தது. அதன் பின்னர் வட்டாரந்தோறும் கட்சி அமைப்பு வலுப்பெற்றது. 1873 நவம்பரில் அவர் நகரபிதாவானார். அடுத்த ஆண்டே தொழிலை விட்டு விலகினார்.

வரியை உயர்த்தாமற் செலவு செய்வதெங்ஙனம்? இவ்வினாவிற்கு வியாபாரியாகவே அவர் விடை கண்டார். நகருக்கு வாயு விளக்கேற்றி இலாபம் ஈட்டிய இரு கம்பனிகளையும் ஏறத்தாழ 20 இலட்சம் பவுண் கொடுத்து நகரசபையே வாங்கவேண்டும் என்றார். கடன்சுமைக்கு அஞ்சினோர் பலர். முதலாண்டிலேயே 34,000 பவுண் அளவில் இலாபம் வந்தது. தண்ணீர்க் கம்பனியை ஏறத்தாழ 13½ இலட்சம் பவுணுக்கு வாங்கியபோதோ அவர் எதிர்மாறாக வாதித்தார்: நீரினின்று இலாபம் எடுத்தலாகாது, மக்களின் சுகமே அதன் ஆதாயம் என்பது அவர் நிலை. இரண்டுக்கும் ஒரே சூத்திரத்தைப் பொருத்தாமை அவருடைய மதிநுட்பம்.

அவ்வேலைகளின் நடுவே, 1875 பெப்ரவரியில், இரண்டாம் மனைவி புளோரன்ஸ் பிரசவத்தில் இறந்தார். முதல் மனைவி ஹரியற்றும் 1863இல் அவ்வாறே மறைந்தவர். துயரத்தால் ஒடுங்கியவர், மீண்டும் சபைப் பணியிலேயே மூழ்கினார்.

அதே 1875இல் டிஸ்ரேலி அரசாங்கம் இயற்றிய தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்தைத் துணைக்கொண்டு, நகர நடுவிலிருந்த சேரிகளை வாங்கி இடிக்கும் திட்டம் எழுந்தது. 1878இல் தொடங்கி, கோப்பரேஷன் வீதி என்னும் அகன்ற பெருந்தெரு அங்கே உருவாயிற்று. நிலத்தை விற்காமல் 75 ஆண்டுக் குத்தகைக்கே விட்டதால் அது ஊரின் சொத்தாகவே நின்றது. ஆனால் குடிசை இழந்த ஏழைகளுக்கு மாற்று வீடுகள் மிகச் சிலவே கட்டப்பட்டன. அழகிய கடைகள் எழுந்த இடத்தில் முன்பு குடியிருந்தோர் அயற்சேரிகளுக்குள் நெருக்கியடித்துப் புகுந்தனர். சேம்பர்லேனைப் புகழ்ந்தெழுதுவோர் இதனை விரைந்து கடந்துவிடுவதுண்டு, கடக்கத் தகுந்ததன்று.

1876இல் பாராளுமன்றம் சென்றபின், கட்சி பிரிந்தார்; மந்திரியானார்; 1906இல் பாரிசவாதத்தால் வீழ்ந்தார். வாயுவினால் வந்த பணத்தைக் கொண்டு 1885இல் நகரின் கலைக்கூடம் திறக்கப்பட்டது. 1914 யூலை 2ஆம் நாள் அவர் இறந்தபோது வெஸ்மினிஸ்டர் மடாலயத்தில் அடக்கஞ்செய்ய முன்வந்தனர். குடும்பத்தார் ஏலாதென்று கூறி, பேர்மிங்காமின் கீ ஹில் மயானத்திலேயே அடக்கம் செய்தனர்.