முகமூடி இல்லாமல் மீன்களை எண்ணிய டாக்டர்! - ஃபிரான்சிஸ் டேவும் நம்ம ஊர் மீன்களும்

தேனிப் பக்கம் வீட்டுக்கு விருந்தாளி வந்தா, அயிரை மீன் குழம்பு வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கு. வைகை அணையைச் சுத்திப் பார்க்கப் போனா, மீன் வறுவல் சாப்பிடாம யாரும் திரும்புறதில்ல. மலைக்கு நடுவுல இருந்தாலும் நாம மீனோட வளர்ந்த ஊர்க்காரங்கதான். இப்போ நம்ம பசங்க லீவு கிடைச்சா அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங்கே போயிட்டு வர்றாங்க.

அப்படிப் போறவங்கள்ல சிலர் சும்மா போட்டோ எடுத்துட்டு மட்டும் வர்றதில்ல. தண்ணிக்குள்ள எழுதக்கூடிய ஒரு பலகையைக் கையில கட்டிக்கிட்டு, பவளப்பாறையில எந்த மீன் எத்தனை இருக்குன்னு குறிச்சுட்டு வர்றாங்க. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1990-ல் தொடங்கப்பட்ட 'ரீஃப்' என்ற அமைப்பு, 1993 முதல் இப்படித் தன்னார்வலர்களை வைத்தே மீன் கணக்கெடுப்பு நடத்துகிறது. சம்பளம் கிடையாது, பட்டம் தேவையில்லை. மீனை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

சரி, இந்திய மீன்களை அடையாளம் காண நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், 130 வருஷத்துக்கு முன்பே இறந்துபோன ஒரு ராணுவ டாக்டரிடம் போய் நிற்போம். அவர் பெயர் ஃபிரான்சிஸ் டே.

மருத்துவம் தொழில்... மீன் காதல்!

1829 மார்ச் 2-ம் தேதி இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர் டே. லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு, 1852-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். பிறகு கொச்சியில் மருத்துவப் பணி. காலையில் நோயாளிகள், மற்ற நேரமெல்லாம் மீன்கள்.

இன்றைக்கு இருக்கிற மாதிரியான ஸ்கூபா டைவிங் கருவியெல்லாம் அன்றைக்கு இல்லை. மீனவர்களின் வலையும் சந்தையின் கூடையும்தான் அவருக்கு ஆய்வுக்கூடம். கிடைத்ததை அளந்து, துடுப்பு முள்ளை எண்ணி, படம் வரைந்து, சாராயத்தில் ஊறப்போட்டுச் சேர்த்தார். 1865-ல் 'மலபாரின் மீன்கள்' புத்தகம் வெளியானது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தன்னார்வலர்

இங்கேதான் நம்ம ஊர் கதைக்குள் வருகிறது. கம்பத்திலிருந்து குமுளி ஏறி, பீர்மேடு தாண்டி இறங்கினால் முண்டக்கயம். அங்கே ஹென்றி பேக்கர் என்றொரு பாதிரியார் இருந்தார். அவர் மீன் விஞ்ஞானி இல்லை. ஆனாலும் மலை ஓடைகளில் கிடைத்த மீன்களை டேவுக்கு அனுப்பிவைத்தார். இன்றைக்கு 'மக்கள் அறிவியல்' என்கிறோமே, அதேதான்!

அப்படி வந்த மீன்களில் ஒன்று, உடம்பில் சிவப்பும் கறுப்புமாகக் கோடு ஓடுகிற அழகி. அப்போதைய மதராஸ் கவர்னர் வில்லியம் டெனிசன் பெயரை அதற்கு வைத்தார் டே. நம்ம கம்பம் பள்ளத்தாக்கும் அன்றைக்கு அந்தக் கவர்னரின் ஆட்சியில் இருந்த மதுரை ஜில்லாதான். இன்னொரு மீனுக்குப் பேக்கரின் பெயரையே வைத்து நன்றி சொன்னார்.

அந்த அழகியைத்தான் இப்போது 'மிஸ் கேரளா' என்று கண்ணாடித் தொட்டிகளுக்கு விற்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத மீன் அது. விற்பனைக்காக அள்ளி அள்ளியே, இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது.

அணை கட்டியவரே கேட்ட கேள்வி

1867-ல் ஒரு திருப்பம். கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டிய அதே ஆர்தர் காட்டன், அணைகளால் மீன்களின் பயணம் தடைபடுகிறதே என்று கவலையை எழுப்பினார். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் ஹில்சா மாதிரியான மீன்களுக்கு, அணை என்பது மூடிய கதவு. அதை ஆராயும் பொறுப்பு டேவிடம் வந்தது. பிறகு இந்தியா முழுமைக்கும் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார்.

ஒரே ஆள் நாடு முழுக்க எப்படிச் சுற்ற முடியும்? கலெக்டர்கள் முதல் தாசில்தார்கள் வரை கேள்விகள் போயின. உங்க பகுதியில மீன் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா? வலைக்கண் எவ்வளவு சின்னது? குஞ்சு மீனைப் பிடிக்கிறாங்களா? வந்த பதில்களைத் தொகுத்து 1873-ல் அறிக்கை கொடுத்தார். சின்னக் கண் வலையைக் கட்டுப்படுத்த வேண்டும், ஆற்றில் விஷம் கலந்து மீன் பிடிப்பதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஏழைகளின் சாப்பாட்டில் கை வைப்பதா என்ற தயக்கம் அதிகாரிகளுக்கு. அந்தத் தயக்கத்திலும் நியாயம் இருந்தது. குஞ்சு மீனைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் வேறு வழியில்லாதவர்கள்தான்.

1,418 வகை மீன்கள்

1869-70 வாக்கில் அந்தமானுக்கும் போனார் டே. இன்றைக்கு டைவிங் பயணிகள் குவியும் அதே தீவுகள். அங்குள்ள மீன்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த 'இந்திய மீன்கள்' அவருடைய வாழ்நாள் உழைப்பு. அதில் பல மீன்களுக்குத் தமிழ், தெலுங்கு, மலையாளப் பெயர்களையும் சேர்த்து எழுதினார். நம் மீனவர்கள் சொன்ன பெயர்கள் அப்படித்தான் அச்சில் ஏறின.

அவரிடம் குறைகளும் உண்டு. லண்டன் அருங்காட்சியகத்தின் மீன் நிபுணர் குந்தருக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். சேகரிப்பின் பெரும்பகுதியை 1883-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். நம் ஆற்று மீன்கள் கடல் தாண்டி அங்கே ஜாடிக்குள் இருப்பது இதனால்தான். உள்ளூர் மீன்களைக் காக்கச் சொன்ன இவரே, 1860-களில் நீலகிரி ஓடைகளில் வெளிநாட்டு ட்ரவுட் மீனை விடவும் முயன்றார். அந்த முயற்சி தோற்றது.

1889-ல் அவருடைய கடைசிப் பெரிய வேலை, இரண்டு தொகுதிகளாக வெளியானது. மொத்தம் 1,418 வகை மீன்கள். அதே வருஷம் ஜூலை 10-ம் தேதி, இங்கிலாந்தின் செல்டன்ஹாமில், 60 வயதில் காலமானார். ஆற்றில் வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதைத் தடை செய்யும் சட்டம் 1897-ல்தான் வந்தது. பார்க்க அவர் இல்லை.

மிச்சக் கணக்கு நம்மிடம்

அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, 1895-ல் பென்னிகுவிக்கின் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. நமக்கு அது சோறு போட்ட சாமி. அந்தத் தண்ணீர் வரும் பெரியாற்றுப் பகுதியில் மட்டுமே வாழும் ஒரு மீன் இனம் உண்டு. டே கண்ணில் படாத அதை, 1941-ல்தான் சுந்தரராஜ் என்ற ஆய்வாளர் உலகுக்கு அறிவித்தார். இன்றைக்கு ஜிலேபி மீன் போன்ற வந்தேறி மீன்களோடு அது மல்லுக்கட்டுகிறது.

அதனால், டைவிங் போறவங்க மட்டும்தான் மீனை எண்ணணும்னு இல்ல. மன்னார் வளைகுடாவுக்கோ அந்தமானுக்கோ போனா, பவளத்தைத் தொடாம, பார்த்த மீனை இடம், தேதியோட குறிச்சுட்டு வாங்க. ஊர்ல இருந்தா, சந்தையில வர்ற மீனைப் போட்டோ எடுத்து, பாட்டி அதுக்கு என்ன பேர் சொல்றாங்கன்னு எழுதி வைங்க. 'ஐநேச்சுரலிஸ்ட்' மாதிரி செயலியில ஏத்தினா, யாரோ ஒரு ஆய்வாளருக்கு அது உதவும். மேகமலைப் பக்கம் புலிகள் காப்பகம்ங்கிறதால, ஓடையில இறங்குறதுக்கு முன்னாடி வனத்துறை அனுமதி முக்கியம்.

முண்டக்கயத்துப் பாதிரியார் செஞ்சது இவ்வளவுதான். பார்த்ததைப் பத்திரமா அனுப்பி வெச்சார். அடுத்த தடவை அயிரை வாங்கும்போது கூடையை ஒரு நிமிஷம் உத்துப் பாருங்க. போன வருஷம் இருந்த மீனெல்லாம் இந்த வருஷமும் இருக்கா?