அக்டோபர் 31 வரைக்கும் மட்டும்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெரியார் போற டவுன் பஸ் ஏறுங்க. இறங்கி கொஞ்ச தூரம் நடந்தா மேலமாசி வீதி. கூட்டத்துக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவுல 251ஏ எண் கட்டடம், கதர்க் கடை. நான் நாலு வருஷமா அந்த வழியாத்தான் போய் வந்துட்டிருந்தேன், ஒருநாள்கூட நின்னு பார்த்ததில்லை. போன ஜனவரி ஒண்ணாம் தேதி ஒரு புது நோட்டுல இனி எப்படி வாழணும்னு பதினாலு விதி எழுதினேன். பொங்கலுக்குள்ள பதினாலும் காலி. அந்த எரிச்சல்ல இருந்தப்போதான், இதே வேலையைச் சாகும்வரை விடாமல் செய்த ஒருத்தரைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவரோட விதிப் புத்தகத்தின் ஒரு முக்கியமான பக்கம் எழுதப்பட்டது இந்த மேலமாசி வீதி வீட்டில்தான்.

நோட்டுப் புத்தகத்துல படிச்ச தாத்தாவைக் கொஞ்சம் மறந்துடுங்க. 1888-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறின பையனுக்கு வயசு பத்தொன்பது கூட நிரம்பல. உங்க முதல் வருஷ ஜூனியர் வயசு. கிளம்பும் முன்னால் ஒரு ஜைனத் துறவி முன்னிலையில் அம்மாவுக்கு மூணு சத்தியம் செய்து கொடுத்தார்: மது, மாமிசம், மாது மூணும் தொடமாட்டேன். இது அவரே யோசிச்சுப் போட்ட விதி இல்லை. விசா மாதிரி, அது இல்லாம வெளிநாடு போக விடமாட்டாங்க, அவ்வளவுதான்.

லண்டன் போனதும் நம்ம எல்லாரையும் மாதிரி ஆட்டம். டெய்லர் தைத்த சூட், பட்டுத் தொப்பி, மூணு பவுண்டு கட்டி டான்ஸ் கிளாஸ், போதாக்குறைக்கு வயலின். டான்ஸ்ல தாளம் பிடிபடவே இல்லை. மூணு மாசத்துல இது நமக்கு ஆகாதுன்னு புரிஞ்சது. அப்புறம்தான் அவரே தனக்காகப் போட்ட முதல் விதி வருது: தினமும் தூங்கும் முன் அன்னைக்குச் செலவான ஒவ்வொரு காசையும் எழுதி, கையிருப்போடு சரிபார்க்கணும். பெரிய ஆன்மிகமா தெரியல இல்ல? ஆனா அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வாடகையைக் குறைச்சார், பஸ்ஸை விட்டு நடந்தார், சொந்தமா சமைச்சார். லட்சக்கணக்கில் பொதுப் பணம் கைக்கு வந்த காலத்திலும் இந்தப் பழக்கம்தான் தன்னைக் காப்பாற்றியதுன்னு பின்னாடி சொன்னார்.

தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக நல்லாச் சம்பாதிச்சிட்டிருந்த சமயம், 1904-ல், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ஒரு ரயில் பயணம். நண்பர் போலக் வழியில் படிக்க ரஸ்கின் எழுதின ஒரு புத்தகம் கொடுத்தார். இறங்கினப்போ வாழ்க்கையை மாத்துறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அதே வருஷம் ஃபீனிக்ஸ் பண்ணை பிறந்தது. நாமளும் புத்தகம் படிச்சிட்டு இப்படி உணர்ச்சிவசப்படுவோம், ஆனா ஸ்டேஷன் வர்றதுக்குள்ள அது இறங்கிடும்!

எல்லா விதியும் எனக்குப் பிடிச்சதுன்னு சொல்லமாட்டேன். 1906-ல் பிரம்மச்சரிய விரதம் எடுத்தப்போ, சக ஊழியர்களோட பேசின பிறகு, கடைசியில்தான் கஸ்தூரிபாவிடம் சொன்னார். அவர் மறுப்புச் சொல்லல. ஆனா ரெண்டு பேர் வாழ்க்கையைப் பற்றின விதியை ஒருத்தர் தனியா யோசிச்சு முடிச்சிட்டு அப்புறமா சொல்றது நியாயமான்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இந்தியா திரும்பி 1915-ல் அகமதாபாத் பக்கம் கோச்ரப்பில் ஆசிரமம் ஆரம்பிச்சார். விதிகளை எழுதி நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்து கேட்டார். ஒருத்தர் பணிவையும் விரதமாச் சேர்க்கச் சொன்னார். காந்தி சேர்க்கல. பணிவா இருக்கணும்னு விதி போட்டுப் பழகினா அது பணிவாவே இருக்காதேன்னு அவருக்குப் பட்டது.

தீண்டாமை கூடாதுங்கிற விதிக்குச் சீக்கிரமே பரீட்சை வந்தது. சில மாசத்திலேயே தூதாபாய்ங்கிற தலித் ஆசிரியர் மனைவி, கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார். உடனே நன்கொடை நின்னது. கிணத்துல தண்ணி எடுக்கத் தகராறு. கஸ்தூரிபாவுக்கே சம்மதம் இல்லை. காந்தி விதியை மாத்தல, காசு தீர்ந்தா தலித் மக்கள் குடியிருப்புக்கே போய்டலாம்னு முடிவு பண்ணினார். அப்போ பேர் சொல்ல விரும்பாத ஒரு பணக்காரர் காரில் வந்து 13,000 ரூபாய் கொடுத்துட்டுப் போனார். அவர் வராம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன். வீடு மாறியிருப்பாங்க, அவ்வளவுதான்.

தோத்த கதையும் உண்டு. பால் குடிக்கிறதில்லைன்னு 1912-ல் ஒரு விரதம். 1918-ல் கடுமையான வயிற்றுக்கடுப்பு, எலும்பும் தோலுமா ஆயிட்டார். பால் இல்லாம உடம்பு தேறாதுன்னு டாக்டர் சொல்றார், இவர் மறுக்கிறார். பக்கத்துல நின்ன கஸ்தூரிபா ஒரு பாயிண்ட் எடுத்துக் கொடுத்தார்: விரதம் எடுத்தப்போ பசும்பாலும் எருமைப்பாலும்தானே மனசுல இருந்தது, ஆட்டுப்பால்? காந்தி குடிச்சார். பிழைச்சார். ஆனா சொல்லைக் காப்பாத்திட்டு அதோட உயிரைக் கொன்னுட்டோம்னு அவருக்குத் தெரியும். அந்த உறுத்தலை சுயசரிதையில் பகிரங்கமா எழுதி வச்சார், ஆட்டுப்பாலை விடவும் முடியல. என்னோட பதினாலு விதி ஒரு தடவை உடைஞ்சதும் நான் நோட்டையே தூக்கிப் போட்டுட்டேன்.

இப்போ மேலமாசி வீதிக்கு வருவோம். 1921 செப்டம்பர். அந்நியத் துணிப் புறக்கணிப்பு உச்சத்துல இருக்கு. மதுரை வர்ற ரயிலில் கூட வந்தவங்ககிட்ட கதர் கட்டுங்கன்னு கேட்கிறார். கதர் விலை ஜாஸ்தி, எங்களால முடியாதுன்னு பதில். அவர் உடம்பிலோ தொப்பி, சட்டை, முழு வேட்டி. அந்நியத் துணியை எரின்னு ஏழையிடம் சொல்லலாம், பதிலுக்கு வாங்க காசு? கோவணத்தோட இருன்னு சொல்லணும்னா முதல்ல தான் அப்படி இருக்கணும். இந்த யோசனை அவருக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை வந்து, ரெண்டு தடவையும் தயங்கி விட்டுட்டார். மூணாவது தடவை மதுரையில் தயங்கல. கூட இருந்த சிலருக்கு இது பிடிக்கல. 22-ஆம் தேதி காலை முழங்காலுக்கு மேல் நிற்கிற வேட்டியோடு வெளியே வந்தார்.

அவர் விட்ட அறிக்கையைப் படிச்சப்போதான் எனக்கு ஆச்சரியம். காலம் பூரா இப்படித்தான்னு அதில் இல்லை. குறைந்தது அக்டோபர் 31 வரைன்னுதான் இருக்கு. ஆறு வாரம் கூட இல்லை! குளிருக்குத் தேவைப்பட்டா மேல ஒரு துண்டு போட்டுக்கலாம்னு விலக்கும் உண்டு. நவம்பர் வந்தது, அவர் மாத்திக்கல. 1931-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே கோலத்தில்தான் போனார்.

விதிகளை வரிசையா விளக்கி எழுதினது அதுக்கு அப்புறம்தான். 1930-ல் ஏரவாடா சிறையிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் காலைப் பிரார்த்தனை முடிஞ்சதும் ஆசிரமத்துக்கு ஒரு கடிதம், ஒவ்வொண்ணிலும் ஒரு விரதம். சத்தியம், அகிம்சை, நாவடக்கம், திருடாமை, அஞ்சாமைன்னு போகும். சுதேசி பற்றி மட்டும் அங்கிருந்து எழுதல. கைதியா இருக்கும்போது அரசியல் பேசறதில்லைன்னு தனக்குப் போட்டிருந்த இன்னொரு விதி தடுத்தது.

மதுரைக்கு அவர் பல தடவை வந்தும் மீனாட்சி கோயிலுக்குள் போகல. தலித் மக்களை விடாத கோயிலுக்குள் நானும் வரமாட்டேன் என்பது கணக்கு. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் தலைமையில் அவங்க உள்ளே நுழைஞ்சாங்க. அதுக்கு அப்புறம், 1946 பிப்ரவரியில், எழுபத்தாறு வயசுக் காந்தி மதுரை வந்து அம்மனைக் கும்பிட்டார்.

1948 ஜனவரி 30-ல் சுடப்பட்டப்போ அவர் உடுத்தியிருந்த துணி நம்ம ஊர்லதான் இருக்கு, ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-ல் திறந்த காந்தி மியூசியத்துல. கண்ணாடிக்குப் பின்னால, ரத்தக் கறையோட. போன சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்தேன். ராத்திரி பழைய நோட்டைத் தேடி எடுத்து, ஒரே ஒரு விதியை மட்டும் திரும்ப எழுதி, பக்கத்துல தேதி போட்டிருக்கேன். இந்த மாசக் கடைசி வரைக்கும்.